என்.கே. செல் சிகிச்சைக்காக வயலை விற்கலாமா?

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. ஆறு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் மடித்து வைத்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 58 வயது. விவசாயம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அரைக் கோட்டை விதைப்பாடு வயல் அப்பா பெயரில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் நெறி கட்டியது. பயாப்சி எடுத்து, டி.எல்.பி.சி.எல். என்ற வகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். திருவனந்தபுரத்தில் ஆறு தடவை ஆர்-சாப் கீமோ ஏற்றினார்கள். நோய் முழுக்கப் போய்விட்டது. ஒன்றேகால் வருஷம் உழுதார், நட்டார், நன்றாக இருந்தார். போன பிசான அறுப்பின்போது தோளில் துண்டு போடும்போது 'கழுத்துல என்னமோ உருளுது' என்றார். பெட் ஸ்கேனில் கழுத்திலும் கக்கத்திலும் தெரிகிறது. வேறு கீமோ இரண்டு மூன்று தடவை கொடுத்து, நோய் அடங்கினால், ரத்த அணுக்களை உண்டாக்கும் அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திருப்பி ஏற்றலாம் என்கிறார் டாக்டர். அம்மாவுக்கும் ஆச்சிக்கும் அதைக் கேட்டே பயம்.

"அத்தான் செல்போனில் ஒரு செய்தி காட்டினார். அமெரிக்காவில் ஒரு பெண் விஞ்ஞானி என்.கே. செல்லை 11 பேருக்குக் கொடுத்து 8 பேருக்குக் குணம் தெரிந்ததாம், பக்கவிளைவே இல்லையாம். அதே சிகிச்சையை இங்கேயே ஒரு பெருநகரத்து மையம் தருகிறது. அப்பாவின் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள என்.கே. செல்லை வளர்த்து, ஆறு தவணையாக ஏற்றுவார்கள். 9 லட்சம். முதலில் ஒரு டெஸ்ட் எடுத்ததில் 'என்.கே. சக்தி குறைவு' என்று வந்திருக்கிறது. முன்பணம் இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். சித்தப்பா வயலை எடுத்துக்கொள்ளத் தயார். தேவையென்றால் அத்தான் தன் ரத்தத்தைத் தரவும் தயார். அப்பாவுக்கு இது கேன்சர் என்று தெரியாது. ரத்தத்தில் கிருமி என்று சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்யட்டும் டாக்டர்?"

தம்பி, நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். வயலுக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள். திருவனந்தபுரத்தில் குறித்துக் கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளும்; உங்கள் கடிதமும் நீளம்தானே.

அத்தான் காட்டிய செய்தி பொய்யில்லை

என்.கே. என்றால் நேச்சுரல் கில்லர். தமிழில் இயற்கைக் கொல்லி செல் என்று எழுதுகிறார்கள். ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இவைதான். 1975இல் ஸ்டாக்ஹோமில் ரால்ஃப் கீஸ்லிங் குழுவும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேன் குழுவும் தனித்தனியாக இவற்றைப் பற்றி எழுதினார்கள். முன்பின் பார்த்திராத புற்றுச் செல்லைக்கூடச் சோதனைக் குழாயில் சில மணி நேரத்தில் கொன்றுவிடும் ஒரு செல். சோதனையின் பிசிறு என்று அதுவரை பலர் ஒதுக்கிய விஷயம் அது.

எதை வைத்து எதிரியை அறிகிறது? இதற்கு 1986இல் கிளாஸ் கேரே என்ற ஸ்வீடன்காரர் சொன்ன விளக்கம் இன்றுவரை நிற்கிறது. பிசானம் முற்றிய சமயம் களத்தில் காவல் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வரப்பில் ஓர் ஆள் வந்தால், "ஏ, யாருல அது?" என்பார். "நாந்தான், இன்னார் மகன்" என்று குரல் வந்தால் கம்பு தாழும். பதில் வராவிட்டால் அடி. நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் எச்.எல்.ஏ. என்ற அடையாளத்தை மேலே காட்டிக்கொண்டே இருக்கிறது. அதுதான் அந்தப் பதில். டி செல் என்ற வேறொரு காவலிடமிருந்து தப்பிக்கச் சில புற்றுச் செல்கள் அந்த அடையாளத்தை மறைத்துக்கொள்ளும். மறைத்த மாத்திரத்தில் என்.கே. செல்லிடம் மாட்டிக்கொள்ளும்.

இந்தக் காவல்காரரை மறந்துவிடாதீர்கள். மையத்தில் கேட்கிற 9 லட்சத்துக்கு இவரிடம்தான் பதில் இருக்கிறது.

அத்தான் சொன்ன விஞ்ஞானி, ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கேட்டி ரெஸ்வானியாகத்தான் இருக்க வேண்டும். அவர் குழுவின் ஆய்வு 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. 11 பேரில் 8 பேருக்குப் பலன், அதில் 7 பேருக்கு நோய் முழுக்க மறைந்தது என்பதும் சரி. டி செல் சிகிச்சையில் வருகிற கடும் காய்ச்சலோ, மூளைக் குழப்பமோ, கொடுத்தவர் செல் வாங்கியவர் உடம்பைத் தாக்குகிற சிக்கலோ ஒருவருக்கும் வரவில்லை. அதுவும் உண்மை. அன்று அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நானும் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படித்தேன். எங்கள் துறையில் அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் அவர்கள் ஏற்றியது எந்தச் செல் தெரியுமா? நோயாளியின் ரத்தம் அதில் கிடையாது. பிரசவத்தில் தானமாகக் கிடைத்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து என்.கே. செல்லைப் பிரித்தார்கள். அதற்குள் மூன்று மரபணுக்களைச் செலுத்தினார்கள். ஒன்று, லிம்ஃபோமா செல்லின் மேலிருக்கும் சி.டி.19 என்ற புரதத்தைப் பிடிக்கும் கொக்கி. அதைத்தான் 'கார்' என்கிறார்கள். இன்னொன்று, ஐ.எல்.-15 என்ற சத்தைத் தானே சுரந்துகொண்டு உயிரோடிருக்க. மூன்றாவது, ஏதாவது விபரீதமானால் மருந்து கொடுத்து அந்தச் செல்லையே சாகடிக்க ஒரு விசை. இதையெல்லாம் ஏற்றுமுன் எல்லா நோயாளிகளுக்கும் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்ஃபமைட் என்ற கீமோ மருந்துகளையும் கொடுத்தார்கள். ஆகவே கீமோ இல்லாத சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு செய்தி அத்தான் போனுக்கு வந்திருக்காது. அதே குழு 2024இல் 37 பேரின் முடிவை வெளியிட்டது. பலன் கண்டவர்கள் 48.6 சதவீதம். ஒரு வருஷம் கழித்து நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் 32 சதவீதம். அப்பாவுக்கு இருக்கும் டி.எல்.பி.சி.எல். வகையை மட்டும் எடுத்தால், நூறாவது நாளில் பலன் 41 சதவீதம். பதினொன்றில் எட்டு என்ற வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. சின்ன ஆய்வில் கிடைத்த எண்ணிக்கை பெரிய ஆய்வில் இறங்குவது வழக்கம்தான். எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது வேறொரு விவரம். சேகரித்த 24 மணி நேரத்துக்குள் உறையவைத்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து வளர்த்த செல்கள்தான் நன்றாக வேலை செய்தன. அதில் முதிராத சிவப்பணுக்கள் குறைவாக இருப்பதும் முக்கியம் என்று கண்டார்கள். கறந்த பாலை எவ்வளவு நேரத்துக்குள் காய்ச்ச வேண்டும் என்பது போல, அவ்வளவு நுட்பமான சரக்கு இது. என்.கே. செல்லை உறையவைத்து உருக்கினாலே பாதிச் சுறுசுறுப்பு போய்விடுகிறதே என்று இத்துறையில் இருப்பவர்கள் பல வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மையம் விற்பது என்ன

அப்பாவின் ரத்தத்தை எடுத்து, என்.கே. செல்லை வளர்த்து, அப்பாவுக்கே ஏற்றுவது. கொக்கியும் கிடையாது, வெளியாள் செல்லும் கிடையாது. இப்போது காவல்காரரை அழைத்து வாருங்கள். அப்பாவின் புற்றுச் செல் தன் அடையாளத்தை மறைக்காமல் "நாந்தான்" என்று சொன்னால், அப்பாவின் சொந்த என்.கே. செல் கம்பைத் தாழ்த்தத்தான் செய்யும். ஒரு காவல்காரருக்குப் பதில் நூறு பேரை நிறுத்தினாலும் நூறு பேரும் அதே ஊர்க்காரர்கள்.

இது புது யோசனையும் இல்லை. 1980களிலேயே ஸ்டீவன் ரோசன்பெர்க், நோயாளியின் வெள்ளணுக்களை, அவற்றைத் தூண்டிவிடும் ஐ.எல்.-2 என்ற மருந்தில் வளர்த்துத் திருப்பி ஏற்றிப் பார்த்தார். மருந்தை மட்டும் கொடுத்தவர்களையும் செல்லோடு சேர்த்துக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டு 1993இல் வெளியிட்டபோது, செல்லால் தெளிவான கூடுதல் பலன் இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஸ்டெம் செல் ஏற்றிய பிறகு லிம்ஃபோமா நோயாளிகளுக்கும் மார்பகப் புற்று நோயாளிகளுக்கும் ஐ.எல்.-2 மருந்தையும், அதில் தூண்டிவிட்ட அவரவர் சொந்தச் செல்லையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வந்த அந்த முடிவும் கைகொடுக்கவில்லை. அங்கே தோற்றுத்தான் ஆராய்ச்சி வெளியாள் செல்லுக்கும் தொப்புள்கொடிக்கும் நகர்ந்தது. அவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய பாதையை உங்களுக்குப் புதுச் சாலை என்று காட்டுகிறார்கள்.

அத்தான் தன் ரத்தத்தைத் தர முன்வந்தது பெரிய மனசு. அவரிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் மருமகன். உங்கள் குடும்பத்தில் அத்தை மகனுக்கே கொடுத்திருந்தாலும்கூட, இந்தக் கணக்குக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் பெரும்பாலும் பொருந்தாது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள்தான் எச்.எல்.ஏ. அடையாளத்தில் பாதிப் பொருத்தத்துக்கு வருவார்கள். அப்படிப் பாதிப் பொருத்தமுள்ள உறவினரின் என்.கே. செல்லை ஜெஃப்ரி மில்லர் மினசோட்டாவில் கொடுத்து 2005இல் வெளியிட்டார். மோசமான நிலையில் இருந்த 19 பேரில் 5 பேருக்கு நோய் முழுக்க மறைந்தது. அது ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். அப்பாவுக்கு இருப்பது வேறு. இதை எழுதுகிற இன்றைக்கு, லிம்ஃபோமாவுக்கு வழக்கமான சிகிச்சையாக விற்க அமெரிக்க மருந்துத் துறை எந்த என்.கே. செல்லுக்கும் அனுமதி தரவில்லை.

அந்த டெஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் சைதாமா பகுதியில் 3,625 பேரை 11 வருஷம் கவனித்து, ரத்தச் செல்களின் கொல்லும் திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்தது என்று 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. நல்ல ஆய்வு. நோய் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றியது. லிம்ஃபோமா திரும்பிய ஒருவருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க அது உதவாது. ஆறு தடவை கீமோ ஏறிய, ராத்திரித் தூக்கமில்லாத, ரத்தம் கொடுக்க விடிய விடிய ரயிலில் போன மனிதருக்கு அந்த எண் குறைவாக வந்ததில் என்ன அதிசயம்?

ஒரு விதத்தில் அப்பா என்.கே. சிகிச்சை வாங்கியிருக்கிறார்

ஆர்-சாப் என்றீர்களே, அந்த 'ஆர்' ரிட்டுக்சிமாப். முதல் தடவை மட்டும் மெதுவாக, மணிக்கணக்கில் ஏற்றியிருப்பார்கள். குளிர் எடுத்து நடுங்கியிருக்கலாம். அது ஒய் எழுத்தைப் போன்ற ஓர் ஆன்டிபாடி. இரண்டு கை லிம்ஃபோமா செல்லின் சி.டி.20 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைப் பிடிக்க என்.கே. செல்லின் மேல் சி.டி.16 என்று ஒரு பிடி இருக்கிறது. பிடித்ததும் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே விட்டு, அந்தச் செல்லைத் தானே சாக வைக்கும். ரிட்டுக்சிமாப் வேலை செய்யும் வழிகளில் முக்கியமான ஒன்று இது. இருட்டில் வந்த ஆள் என்ன பொய் சொன்னாலும், முதுகில் சுண்ணாம்பு அடித்து விட்டாயிற்று, காவல்காரர் அடிப்பார். 1997 முதல் புழக்கத்தில் இருக்கிற மருந்து. இனிக் கொடுக்கப்போகிற கீமோவிலும் அது சேரக்கூடும். டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர் சொன்ன வழி

இதில்தான் உங்கள் வீட்டுப் பயம் எல்லாம் குவிந்திருக்கிறது. ஸ்டெம் செல் 'மாற்று சிகிச்சை' (டிரான்ஸ்பிளான்ட்) என்றதும் ஆபரேஷன், யாரோ ஒருவருடைய எலும்பு என்று ஆச்சி நினைத்துக்கொண்டிருப்பார்கள். கத்தியே கிடையாது. ஊசி போட்டு ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவழைத்து, தட்டணு தானம் எடுப்பது போல மெஷினில் பிரித்து, உறையவைப்பார்கள். பிறகு மிகக் கடுமையான கீமோ. அது எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துச் சுட்டுவிடும். எடுத்து வைத்ததை ஒரு பை ரத்தம் போல ஏற்றுவார்கள். விதைநெல்லைப் பத்திரமாகப் பத்தாயத்தில் வைத்துவிட்டு வயலில் அறுத்த தாளுக்குத் தீ வைப்பது மாதிரி. இரண்டு வாரத்தில் மறுபடி அணுக்கள் முளைக்கும். லிம்ஃபோசைட்டுகளில் முதலில் தலைகாட்டுவது எது தெரியுமா? என்.கே. செல்தான்.

சுகமான சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். வாய் புண்ணாகும், வயிற்றால் போகும், அணுக்கள் ஏறும்வரை கிருமித் தொற்றுப் பயம் உண்டு. நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை சிகிச்சையிலேயே இறக்கும் அபாயமும் இருக்கிறது. அந்தக் கணக்கின் மறுபக்கம் இது: கீமோவுக்கு அடங்கிய, திரும்பி வந்த லிம்ஃபோமாவில், வெறும் கீமோவைத் தொடர்ந்தவர்களையும் இந்த மாற்று சிகிச்சை செய்தவர்களையும் ஒப்பிட்ட, பார்மா என்று பெயரிட்ட ஆய்வு 1995இல் வந்தது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 32 சதவீதம், இரண்டாவதில் 53 சதவீதம். ரிட்டுக்சிமாப் வருவதற்கு முந்தைய எண்கள் இவை. இன்றைய நோயாளிக்கு அப்படியே ஒட்டாது. ஆனால் சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு நோய் திரும்பிய, உழவு வேலை செய்த தெம்புள்ள 58 வயதுக்காரருக்கு இந்த வழியைத்தான் நானும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

கீமோவுக்கு அடங்காவிட்டால் கதவு மூடிவிடாது. ஐ.ஐ.டி. மும்பையும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார் டி செல் சிகிச்சைக்கு (டி செல்லில் அந்தக் கொக்கியை மாட்டுவது) 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. திரும்பி வந்த பி செல் லிம்ஃபோமாவுக்கானது; அப்பாவுடையதும் அந்த வகைதான். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்றார்கள். அந்தப் பங்கே முப்பது, நாற்பது லட்சத்தில் நிற்கிறது. பணம் சேர்க்க வேண்டி வந்தால் அதற்கு வேண்டியிருக்கும். அதனால்தான் வயலை இப்போது தொடாதீர்கள் என்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் வைத்த தாள்களில் பெட் ஸ்கேன் இருக்கிறது, புது பயாப்சி இல்லை. நோய் திரும்பியிருக்கிறது என்று முடிவு கட்டுமுன் கட்டியிலிருந்து மறுபடி சதை எடுத்துப் பார்ப்பதுதான் முறை. நம் பக்கத்தில் கழுத்தில் நெறி கட்டினால் காசநோயாகவும் இருக்கலாம்; பெட் ஸ்கேனில் அதுவும் விளக்கு மாதிரி எரியும். எடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் நாளைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

மையத்தில் கேட்க வேண்டியது

மனம் கேட்காமல் ஒருமுறை அந்த மையத்துக்குப் போய்த்தான் தீருவீர்கள் என்றால், நான்கே கேள்வி கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள், தாளில் வாங்குங்கள்.

ஒன்று, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி எண். 2019இன் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளில், செல்லிலிருந்து செய்கிற மருந்து எப்போதுமே 'புதிய மருந்து'தான். "உங்க அப்பா ரத்தம்தானே, இதுக்கு எதுக்கு அனுமதி" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

இரண்டு, ஆராய்ச்சியாகச் செய்கிறோம் என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும். 2009 ஜூன் முதல் நம் நாட்டில் ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனையும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே தேடலாம். அத்தானிடம் கொடுங்கள், ஐந்து நிமிஷம் ஆகும். உண்மையான ஆராய்ச்சி என்றால் அதற்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. 9 லட்சம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது.

மூன்று, டி.எல்.பி.சி.எல். நோயாளிகள் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள். வீடியோவில் பேசும் ஒருவரைக் காட்டினால் அது பதிலாகாது.

நான்கு, செல்லை எங்கே, எதில் வளர்க்கிறீர்கள், ஏற்றுமுன் கிருமிச் சோதனை செய்த தாள் எங்கே. பையில் பாக்டீரியா இருந்தால் நேரே ரத்தத்தில்தான் ஏறும்.

விளம்பரத்தில் 'புற்றுநோயைக் குணப்படுத்துகிறோம்' என்று அச்சடித்திருந்தால் அதுவே 1954ஆம் வருஷச் சட்டப்படி தப்பு. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. டெஸ்டுக்குக் கொடுத்த ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பணம் கொடுத்து வாங்கிய மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்பது தெரியும். வைத்திருங்கள், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் என் அறைக்கு ஒருமுறை ஓர் அம்மா மகனோடு வந்தார்கள். நோய் இதே நோய். வேறொரு மையத்தில் இதே மாதிரி நான்கு தவணை முடிந்திருந்தது. கோப்பு வழவழவென்று, ஒவ்வொரு பக்கத்திலும் வண்ணப் படம். மூன்றரை மாதம் ஆகியிருந்தது. வந்த அன்று கழுத்துக் கட்டியால் அந்த அம்மாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. முதலிலேயே வந்திருந்தால் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? இந்த வகை லிம்ஃபோமா வாரக் கணக்கில் வளரும். ஆறு தவணைக்குக் காத்திருக்கும் காலத்தில் சிறுநீரகமோ நுரையீரலோ நெருக்கடிக்குள்ளானால், மாற்று சிகிச்சை தாங்கும் உடம்பு என்ற தகுதியே போய்விடும்.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் ரேஷன் கார்டோடு போய், ஸ்டெம் செல் மாற்றுக்கு எங்கே, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அடையாறு, வேலூர் இரண்டிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. எல்லை தாண்டிப் போகும் முன் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. பழைய பயாப்சியின் பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகல் தர வேண்டும் என்பது விதி. பப்பாளி இலைச் சாறு, காளான் பொடி என்று சொந்தக்காரர்கள் கொண்டு வருவார்கள். கீமோ தொடங்கும் வாரத்திலிருந்து எதுவும் வேண்டாம். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் யார் சொல்வது

வயல் அப்பா பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கையெழுத்துப் போடாமல் பத்திரம் ஆகாது. எதற்கு விற்கிறோம் என்று சொல்லாமல் எப்படி வாங்குவீர்கள் அந்தக் கையெழுத்தை? மையத்தின் ஒப்புதல் படிவத்திலும் அவர்தான் போட வேண்டும், ஸ்டெம் செல் படிவத்திலும் அவர்தான்.

இன்னொன்று. திருவனந்தபுரத்தில் அந்தக் கட்டடத்துக்கு ஆறு தடவை போய் வந்தவர் அவர். மலையாளப் பலகை படிக்கத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் தென்காசிக்காரரோ நாகர்கோவில்காரரோ இருந்திருப்பார், "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்டிருப்பார். முடி கொட்டி வளர்ந்த மனிதரிடம் ரத்தத்தில் கிருமி என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் வருத்தப்படக் கூடாதென்று அவர் தலையாட்டுகிறார். எனக்குத் தெரிந்து பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "அப்பா, உடம்பைப் பத்தி டாக்டர் சொன்னது உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" என்று ஆரம்பியுங்கள். அவர் கேட்கிற அளவுக்குப் பதில் சொல்லுங்கள். உங்களால் முடியாவிட்டால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன். அம்மாவும் இருக்கட்டும். ஸ்டெம் செல் ஏற்றும் வார்டில் சில வாரம் தனி அறையில் கிடக்கப் போகிறவர், எதற்காகக் கிடக்கிறோம் என்று தெரிந்தால்தான் தாங்குவார்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி எழுதி அழித்திருந்தீர்கள், படிக்க முடிந்தது: அப்பா தினமும் ஆற்றில் குளிப்பவர், விடலாமா என்று. ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்து, உடம்பில் ஆறாத புண் இல்லாவிட்டால் இப்போதைக்கு விடுங்கள். ஆள் கூட்டம் இல்லாத படித்துறையாக, தண்ணீரை வாயில் கொப்பளிக்காமல். பயாப்சி எடுத்தால் தையல் பிரிக்கும்வரை கூடாது. கையில் லைன் போட்டுக் கீமோ தொடங்கினால் அன்றிலிருந்து வீட்டில் காய்ச்சி ஆறின தண்ணீர்தான். மறுபடி எப்போது இறங்கலாம் என்பதை மாற்று சிகிச்சை முடிந்த பிறகு அந்த டாக்டர் சொல்வார். பல மாதம் ஆகும், அதையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.